படத்திறப்பில் என்ன பேசுவது?

கேள்வி: அப்பாவின் பதினாறாம் நாள் படத்திறப்பில் என்னைப் பேசச் சொல்கிறார்கள். மேடையேறிப் பழக்கமில்லை. பாதியில் அழுதுவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. என்ன பேசுவது? (வாசகி, மன்னார்குடி)

பதில்: அழுகை வந்தால் அழுங்கள் அம்மா, அங்கே யாரும் மார்க் போடப் போவதில்லை.

நல்லவர், வல்லவர், பண்பாளர் என்பதையெல்லாம் ஃப்ளெக்ஸ் பேனரே சொல்லிவிடும். உங்களுக்கு மட்டும் தெரிந்த அப்பாவைச் சொல்லுங்கள். ரேஷன் பையை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொள்வாரா? பஸ் ஏற்றிவிட வந்தால் வண்டி திரும்பும்வரை நகரமாட்டாரா? அப்படி இரண்டு போதும். அவர் கோபக்காரர் என்றால் அதையும் சொல்லலாம், சபையே சிரிக்கும். ஆஸ்பத்திரி நாட்களை மட்டும் விட்டுவிடுங்கள், அது எல்லாருக்கும் தெரிந்த கதை.

நீளமாகப் பேசவேண்டும் என்றில்லை. தந்தையை இழந்த பாரி மகளிர் பாடியது ஐந்தே அடி (புறநானூறு 112). அதில் நிலவும் குன்றும் வருகின்றன, பாரியைப் புகழ்ந்து ஒரு சொல் கிடையாது. உங்களுக்கு மூன்று நிமிடம் தாராளம்.

பெரிய எழுத்தில், வரிக்கு வரி இடம்விட்டு எழுதுங்கள். வீட்டில் இரண்டு முறை வாய்விட்டுப் படித்தால் தொண்டை அடைக்கும் இடம் தெரிந்துவிடும். அங்கே ஒரு கோடு போடுங்கள், நின்று தண்ணீர் குடிக்க. இன்னொரு பிரதி தம்பியிடமோ அத்தை மகளிடமோ இருக்கட்டும், முடியாவிட்டால் அவர்கள் படித்து முடிப்பார்கள். வந்தவர்களுக்கு நன்றி சொல்வதைப் பெரியப்பாவிடம் விடுங்கள். மைக்கைக் கையில் வாங்கவேண்டாம், ஸ்டாண்டிலேயே இருந்தால் கை நடுங்குவது தெரியாது.