ஆயில் சீல் மாற்றும் தம்பிக்கு



பழைய மாருதி 800 ஒன்று எஞ்சினின் முன்பக்கம் எண்ணெய் ஒழுகும் நிலையில் உன் பொறுப்புக்கு வந்திருப்பதையும், கேம் ஷாஃப்ட் ஆயில் சீலை மாற்றிவிட்டால் வேலை தீர்ந்தது என்று பட்டறை முதலாளி அவசரப்படுத்துவதையும் எழுதியிருந்தாய். தீரலாம்; ஆனால் 1983-ல் வீதிக்கு வந்து 2014-ன் தொடக்கத்தில் உற்பத்தி நின்றுபோன அந்த வண்டியின் 796 சி.சி. எஞ்சின் இன்று விருத்தாப்பியத்தோடுதான் நம்மிடம் வருகிறது. அந்த வயதில் தோன்றும் உபாதைக்கு, அது தோன்றிய இடமே காரணம் என்று நிச்சயிப்பது வைத்தியனுக்கும் அழகல்ல, நமக்கும் அழகல்ல.

எண்ணெய் கீழ்நோக்கி இறங்கும் சுபாவமுடையது. டேப்பட் கவர் பேக்கிங் கசிந்தாலும் அது சீலின் வாசலில் வந்துதான் நிற்கும். எனவே அவ்விடத்தைச் சுத்தமாகத் துடைத்து, வண்டியைக் கொஞ்ச தூரம் ஓட்டி வந்து, ஈரம் முதலில் எங்கே அரும்புகிறது என்று பார்த்த பிறகே ஸ்பானரை எடு.

சீல்தான் குற்றவாளி என்று தெரிந்தாலும், அது ஏன் கெட்டது என்ற விசாரம் பாக்கியிருக்கிறது. வருஷக்கணக்கான உஷ்ணத்தில் அதன் ரப்பர் உதடு இறுகிப்போவது சகஜம். அப்படியானால் குறை சொல்ல ஏதுமில்லை. ஆனால் பிஸ்டன் ரிங் தேய்ந்து எரிந்த வாயு கீழே இறங்க, அதை வெளியேற்ற வேண்டிய பி.சி.வி. வழியைக் கரியும் பிசினும் அடைத்துக்கொண்டிருந்தால், உள்ளே ஏறும் அழுத்தம் நீ போடும் புதிய சீலையும் சில மாதங்களில் வெளியே தள்ளிவிடும். பலர் இந்தக் குழாயைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. சீல் கம்பெனியைத்தான் திட்டுகிறார்கள்.

டைமிங் மார்க்குகளைப் பொருத்திப் பெல்ட்டைக் கழற்றியபின், புல்லி போல்ட்டை இளக்கும்போது கேம் ஷாஃப்ட் சுழலாதபடி பிடித்துக்கொள். பழைய சீலை ஸ்க்ரூடிரைவரால் நெம்பும் அவசரம்தான் இந்தக் காரியத்தில் மகா பாதகம். ஷாஃப்ட்டின் வழவழப்பில் ஒரு மயிரிழைக் கீறல் விழுந்தால் எந்தச் சீலும் அதன்மேல் நிற்காது. சீலின் தகட்டில் சிறு துளையிட்டு, ஒரு திருகாணியை இரண்டொரு சுற்று ஏற்றி, அதைக் குறட்டால் பிடித்து நேராக இழு. பழைய உதடு தேய்த்த பள்ளம் ஷாஃப்ட்டில் விரல்நகத்துக்குத் தட்டுப்பட்டால், புதியதை இம்மியளவு முன்பின்னாக அமர்த்தி, அதன் உதடு தேயாத இடத்தில் ஓடும்படி செய். ஸ்பிரிங் இருக்கும் முகம் உட்புறம் நோக்க வேண்டும். உதட்டில் எஞ்சின் ஆயில் தடவி, சீலின் விளிம்பளவுள்ள குழாய்த் துண்டை வைத்து, ஒரு பக்கம் சாயாமல் மெல்லத் தட்டி இறக்கு.

எண்ணெய் குடித்த டைமிங் பெல்ட்டைத் துடைத்து மறுபடி மாட்டச் சொல்லும் உரிமையாளர் நிச்சயம் வருவார். அதற்கு இணங்காதே. அதே டைமிங் கவருக்குள் இருக்கும் கிராங்க் சீலையும் இப்போதே மாற்றினால் கூலி ஒருமுறையோடு போகும் என்பதையும் அவரிடம் சொல். எல்லாம் பூட்டியபின் சாவியைத் தொடுமுன், கிராங்கைக் கையால் முழுதாக இரண்டு சுற்று சுற்று. கேம் ஒரே சுற்று சுற்றித் தன் மார்க்குக்குத் திரும்பியிருக்க வேண்டும். ஒரு பல் தள்ளியிருந்தாலும் பெல்ட்டைக் கழற்றி முதலிலிருந்து பொருத்து, முதலாளி கடிகாரத்தைப் பார்த்தாலும் சரி.

பி.சி.வி. வால்வு எந்த நிலையில் இருந்தது என்பதை அடுத்த கடிதத்தில் எழுது.