அவசரம் வருமுன் ஒரு வணக்கம்: பொம்மசந்திராவில் வேலை பார்ப்போருக்குக் காவல் நிலைய வழிகாட்டி

பெங்களூரின் ஓசூர் ரோட்டில் பல வருடங்களாக வேலை பார்ப்பவர்களுக்கு 2016 ஏப்ரல் 18, 19 நன்றாக நினைவிருக்கும். பி.எஃப். பணத்தை எடுக்க மத்திய அரசு கொண்டுவந்த புதுக் கட்டுப்பாட்டை எதிர்த்து, கார்மென்ட்ஸ் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் ரோட்டுக்கு வந்தார்கள். பெரும்பாலும் பெண்கள். இரண்டாம் நாள் ஹெப்பகோடி காவல் நிலையத்தின் மேல் கல் விழுந்தது. வளாகத்தில் நின்ற வண்டிகள் எரிந்தன. அதே நாளில் டெல்லி அந்த உத்தரவைத் திரும்பப் பெற்றது.

பி.எஃப். விதியை எழுதியது அந்த ஸ்டேஷன் இல்லை. ஆனாலும் கோபம் அங்கேதான் போய் இறங்கியது. எனக்கு அதில் தெரிவது ஒரு பாடம்: ஒருவரை ஒருவர் அறியாதவர்கள் நெருக்கடியில் முதல்முறையாகச் சந்திக்கக் கூடாது. அறிமுகம் அதற்கு முன்பே நடந்திருக்க வேண்டும். தொழிலாளி, சூப்பர்வைசர், ஹெச்.ஆர்., பி.ஜி. நடத்துபவர் என யாராக இருந்தாலும் கீழே உள்ளவற்றை இந்த மாதமே தொடங்கலாம்.

1. உங்கள் ஸ்டேஷனைத் தெரிந்துகொள்ளுங்கள்

வேலை பார்க்கும் இடம் ஒரு ஸ்டேஷன் எல்லையிலும் தங்கும் அறை இன்னொன்றிலும் இருக்கலாம். இரண்டையும் கேட்டு எழுதி வையுங்கள். அடுத்து, உங்கள் தெருவுக்கான பீட் போலீஸ் யார் என்று கேளுங்கள். கர்நாடகக் காவல்துறை 2017-ல் பீட் முறையைத் திருத்தியமைத்து, ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு காவலரைப் பொறுப்பாக்கியது. 2025-ல் வீடு வீடாகச் சென்று மக்களைச் சந்திக்கும் 'மனெ மனெகெ போலீஸ்' திட்டத்தையும் தொடங்கியது. கதவைத் தட்டும் காவலரைக் கண்டு பயந்து உள்ளே போய்விடாதீர்கள். பெயர் சொல்லுங்கள், எங்கே வேலை என்று சொல்லுங்கள், அவர் பெயரையும் கேளுங்கள். அவசரத்துக்கு 112, பணமோசடி போன்ற சைபர் குற்றங்களுக்கு 1930. இரண்டையும் போனில் பதிந்து வையுங்கள்.

2. சொல்லும் வரிசை: இடம், நேரம், நடந்தது, அடையாளம்

இரவு ஷிஃப்ட் முடிந்து நடக்கும்போது பைக்கில் வந்தவர்கள் போனைப் பறித்துவிட்டார்கள் என்று வையுங்கள். பதற்றத்தில் வாயில் வருவது இதுதான்: "சார், போன் போச்சு சார், அதுல எல்லாமே இருக்கு சார்." எதிரில் இருப்பவருக்கு இதில் பிடி கிடைக்காது. மாற்றிச் சொல்லிப் பாருங்கள்: "பொம்மசந்திரா மெட்ரோ ஸ்டேஷனுக்கு எதிர்ப்பக்க சர்வீஸ் ரோடு. பத்து நிமிஷம் முன்னாடி. பைக்கில் ரெண்டு பேர், பின்னாடி இருந்தவர் பறிச்சார். கறுப்பு பைக், ஓசூர் பக்கம் போனாங்க." நான்கே வாக்கியம், ரோந்து வண்டி எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று தெரிந்துவிடும்.

போனின் ஐ.எம்.இ.ஐ. எண்ணை இன்றே ஒரு தாளில் எழுதி அறையில் வையுங்கள். *#06# அழுத்தினால் எண் திரையில் வரும். தொலைந்த போனை சி.இ.ஐ.ஆர். தளத்தில் முடக்க அந்த எண்ணும் போலீஸ் புகார் நகலும் வேண்டும்.

3. கன்னடத்தில் நான்கு வரி

ஸ்டேஷனில் தமிழ் புரிந்தவர் கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். முதல் வரியைக் கன்னடத்தில் சொன்னால் எதிரில் இருப்பவர் முகமே மாறும்.

"நமஸ்கார சார், ஒந்து கம்ப்ளெய்ன்ட் கொடபேக்கு." (வணக்கம் சார், ஒரு புகார் கொடுக்கணும்.)
"நன்ன மொபைல் கள்ளதன ஆகிதெ." (என் மொபைல் திருட்டுப் போயிடுச்சு.)
"நனகெ கன்னட சொல்ப பருத்தெ." (எனக்குக் கன்னடம் கொஞ்சம் வரும்.)
"நிதானவாகி ஹேளி." (மெதுவாகச் சொல்லுங்க.)

அதற்குமேல் தடுமாறினால் கன்னடம் தெரிந்த சக தொழிலாளியை அழைத்துப் போங்கள்.

4. சட்டம் தரும் உரிமையைப் பணிவோடு கேளுங்கள்

2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 173-ம் பிரிவு புகார்தாரருக்குப் பெரிய துணை. வாயால் சொன்ன புகாரை எழுதி, அதைப் படித்துக் காட்டிய பிறகே கையெழுத்து வாங்க வேண்டும். எஃப்.ஐ.ஆர். நகல் இலவசம். குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் எந்த ஸ்டேஷனிலும் தகவல் கொடுக்கலாம். ஓசூரிலிருந்து அத்திப்பள்ளி தாண்டி தினமும் பஸ்ஸில் வருபவர்களுக்கு இது முக்கியம்: பை எங்கே போனது என்று தெரியாவிட்டாலும் அலைய வேண்டாம். புகாரை மின்னணு வழியிலும் அனுப்பலாம். 3 நாளுக்குள் போய்க் கையெழுத்திட வேண்டும். பதிய மறுத்தால் காவல் கண்காணிப்பாளருக்குத் தபாலில் அனுப்பலாம். விசாரணை எந்த அளவில் இருக்கிறது என்பதை 90 நாளுக்குள் உங்களுக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது 193-ம் பிரிவு.

படித்துக் காட்டாமல் நீட்டிய தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். "சார், ஒருமுறை படிச்சுக் காட்டுங்க" என்று கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது.

5. ஹெச்.ஆர்., செக்யூரிட்டி பொறுப்பாளர்களுக்கு

ஸ்டேஷனோடு பேச ஒரே ஒருவரை நியமியுங்கள். ஷிஃப்ட் நேரம், கேப் செல்லும் வழி, பெண்கள் தங்கும் விடுதிகளின் இடம் ஆகியவற்றை பீட் போலீசிடம் முன்கூட்டியே கொடுங்கள். மாதம் ஒருமுறை, ஷிஃப்ட் மாறும் வேளையில், காவலர் ஒருவரை கேட்டுக்கு அழைத்து அரை மணி நேரம் பேச வையுங்கள். கன்னடம், தமிழ், இந்தி மூன்றிலும் மொழிபெயர்க்க ஆள் நிறுத்துங்கள். சம்பளம், பி.எஃப். பற்றி வதந்தி கிளம்பும் நாளில் தொழிலாளர் முன் நின்று பேச, அவர்களே நம்பும் இரண்டு பேர் யார் என்பதும் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

கேமரா விஷயத்தில் தாமதம் கூடாது. 2017-ம் ஆண்டின் கர்நாடகப் பொதுப் பாதுகாப்புச் சட்டம், மக்கள் அதிகம் கூடும் நிறுவனங்கள் சி.சி.டி.வி. பதிவை 30 நாள் வைத்திருக்கச் சொல்கிறது. அதன்பின் அது அழிந்திருக்கலாம். புகார் வந்த அன்றே பதிவைத் தனியே எடுத்து வையுங்கள்.

6. காக்கி உடுத்தியவர்களுக்கும் ஒரு வேண்டுகோள்

தமிழ்நாட்டில் 1993-ல் ராமநாதபுரத்தில் பிரதீப் வி. பிலிப் 'காவலர் நண்பர்கள்' இயக்கத்தைத் தொடங்கினார். திருச்சியில் ஆணையராக இருந்த ஜே.கே. திரிபாதி, பகுதிக்கென்று பீட் காவலர்களை நியமித்து, புகார்ப் பெட்டிகளும் வைத்தார். இரண்டிலும் அடிப்படை ஒன்று: மக்கள் பெயர் சொல்லிக் கூப்பிடும் அளவுக்குக் காவலர் அறிமுகமாக வேண்டும். பன்னிரண்டு மணி நேர வேலை முடித்து ஸ்டேஷன் படியேறி வருபவரிடம் "அப்புறம் வாங்க" என்று சொல்லாமல், "வியாழக்கிழமை பத்து மணிக்கு வாங்க, இவரைப் பாருங்க" என்று சொல்லுங்கள். திரும்ப வர அவர் அரை நாள் சம்பளத்தை விட வேண்டியிருக்கும்.

இந்த வாரம்

ஞாயிற்றுக்கிழமை மளிகை வாங்கப் போகும்போது ஸ்டேஷன் வரை நடந்து வாருங்கள். "நம்ம தெருவுக்கு பீட் யாரு சார்?" என்று மட்டும் கேட்டு, பெயரையும் எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். திரும்பி வந்ததும் அதை அறையின் கதவுக்குப் பின்னால் ஒட்டுங்கள். அடுத்த மாதம் ஊரிலிருந்து புதிதாக வரும் தம்பி, அதைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வான்.