ஆங்கில மொழிநூற் பட்டமும் பிழையாராய்ச்சியும்

மொழிநூலைப் பாஷை போதனைக்குப் பிரயோகிக்கும் கலைக்கென 1957-ஆம் ஆண்டில் எடின்பரோ சர்வகலாசாலையில் தனிப்பள்ளியொன்று நிறுவப்பெற்றது. மறு ஆண்டே ஹைதராபாத்தில் மத்திய ஆங்கில ஸ்தாபனம் தோன்றிற்று. இத்தகைய மேற்பட்டத்தைத் திருத்தியமைக்குங்கால், ஒலிநூலும் இலக்கணமும் முன்னர், போதனை பின்னர் என வகுப்பாருளர். நாம் அதற்கு உடன்படோம்.

மாணாக்கன் செய்யும் பிழை, அவனுள்ளத்தில் உருவாகிவரும் இலக்கணத்துக்குச் சான்றாகுமென 1967-இல் பிட் கார்டர் என்னும் அறிஞர் விளக்கினார். 'ஸ்கூல்' என்பதை 'இஸ்கூல்' எனும் தமிழ்ச்சிறுவன் சோம்பலால் அங்ஙனம் கூறுகின்றானல்லன். தனிமெய் சொன்முதலில் வாராதென்னும் தாய்மொழி விதிக்கே பணிகின்றான்.

ஆதலின் முதற்பருவத்திலேயே பிழையாராய்ச்சியை வைத்து, அதன் வழியே ஒலிநூலையும் இலக்கணத்தையும் கற்பித்தல் தகுமென்பது நம் துணிபு. காரணமறியாத ஆசிரியர் பிழையைத் தண்டிக்கலாம், திருத்துதல் அரிது.