சுவருட் புகும் ஐதரசன்

நாகத்துண்டுகளின்மேல் ஐதான அமிலத்தை ஊற்றி, குமிழிகளாய் எழும் ஐதரசனைச் சோதனைக்குழாயிற் சேர்த்து, எரியுந் தீக்குச்சியை அதன் வாயருகே காட்டி, 'பொப்' என்னும் ஒலியைக் கேட்டு மகிழாதார் நம்முட் சிலரே. அவ்வாயு எளிதில் மேலெழுந்து அகன்றுவிடும் என்பதே அன்று நாம் கற்ற பாடம். உலோகத்தினுள்ளே புகுந்து அது ஒளிந்திருக்கவும் வல்லது என்பது பலருக்குப் புதுமையாகத் தோன்றலாம்.

1866ஆம் ஆண்டிலே தோமசு கிரகாம் என்னும் இரசாயன அறிஞர், பலேடியம் என்னும் உலோகம் தன் கனவளவைப்போற் பன்னூறு மடங்கு ஐதரசனை உட்கொள்வதைக் கண்டார். 1875இல் ஜோன்சன் என்பார், அமிலத்திலே தோய்ந்த இரும்பு எளிதில் முறியுந் தன்மை எய்துவதை எடுத்துக்காட்டினார். அந்நாளில் விந்தையாயிருந்த இச்செய்தி, ஞாயிற்றின் ஆற்றலைப் பூமியிற் பெற முயல்வோர்க்கு இன்று பெருந் தலைவலியாயிற்று.

கருவிணைவு உலையின் எரிபொருள்கள் ஐதரசனின் சமதானிகளாகிய தூத்தேரியமும் திரித்தியமுமாம். பத்துக்கோடிப் பாகைக்கு மேற்பட்ட வெப்பநிலையிலுள்ள பிளாசுமாவைக் காந்தப்புலம் கட்டி வைத்திருப்பினும், அதன் ஓரத்துத் துணிக்கைகள் ஓயாது சுவரிலே மோதுகின்றன. திரித்தியமோ இயற்கையிற் கிடைப்பதற்கரியது, கதிர்த்தொழிற்பாடுடையது, அரை ஆயுட்காலம் 12.3 ஆண்டு. அது சுவரிலே தங்கின் எரிபொருளும் நட்டம், ஆபத்தும் மிகுதி.

புதுப்பானையில் வார்த்த நீரை முதலிற் பானையே குடித்துவிடுவதை நாம் அறிவோம். ஆயினும் இவ்வுவமையை நெடுந்தூரம் இழுத்தலாகாது. பானை நீரை ஏற்பது நுண்டுளைகளில். ஐதரசனோ தனியணுவாகி உலோக அணுக்களின் இடைவெளிகளிலே நுழைகின்றது. தங்குதன் என்னும் உலோகம் ஐதரசனை விரும்பி ஏற்பதன்று. எனினும் விரைந்து வரும் அயன்கள் அனுமதி கேளாமலே மேற்பரப்பின் கீழ்ச் சென்றுவிடுகின்றன. ஆழம் ஒரு மில்லிமீற்றரின் இலட்சத்திலொரு பங்களவே. அங்கிருந்து பெரும்பாலானவை மேற்பரப்புக்கு மீண்டு, இரண்டிரண்டாய்ச் சேர்ந்து மூலக்கூறாகி வெளியேறும். எஞ்சியவை உள்நோக்கிப் பரவி, சாலகத்தில் ஓர் அணு இல்லாத வெற்றிடத்தைக் கண்டால் அங்கே சிக்கிக்கொள்ளும். அத்தகைய ஒரு வெற்றிடமே பல ஐதரசன் அணுக்களைப் பிடித்துவைக்கும். சுவரைப் பல நூறு பாகைக்குச் சூடாக்கினாலன்றி அவை எளிதில் விடுபடா.

காபன் சுவரில் நேர்ந்தது இதனினும் கொடிது. பிளாசுமா அரித்தெடுத்த காபன் வேறிடத்திலே படியும்போது ஐதரசனையும் உடன்சேர்த்துப் படிந்தது. படலம் தடிக்குந்தோறும் சேமிப்பும் பெருகிற்று, அதற்கு எல்லையில்லை. இங்கிலாந்திலே கல்லம் என்னுமிடத்து ஜெற் உலையில், 1997இல் 35 கிராம் திரித்தியம் செலுத்தப்பட்டது. துப்புரவு செய்த பின்னரும் ஏறத்தாழ 6 கிராம் உள்ளேயே தங்கிற்று. 2011இல் அவ்வுலை பெரிலியமும் தங்குதனுங் கொண்ட சுவருக்கு மாறியபின், தங்கும் அளவு பத்திலொரு பங்கிலுங் குறைந்தது. பிரான்சின் தெற்கே எழுந்துவரும் ஈற்றர் உலைக்கு இது பெரிய செய்தி. அதன் கலத்துள் 1 கிலோகிராமுக்கு மேல் திரித்தியம் தேங்கலாகாது என்பது விதி. பெரிலியச் சுவர் என்றிருந்த அதன் திட்டமும் 2023இல் தங்குதனுக்கு மாற்றப்பட்டது.

இத்துடன் கவலை தீர்ந்துவிடவில்லை. கருவிணைவிற் பிறக்கும் நியூத்திரன்கள் மேற்பரப்பிலே நில்லாது தங்குதனின் ஆழத்திலுள்ள அணுக்களையும் இடம்பெயர்க்கின்றன. பெயர்ந்த ஒவ்வொன்றின் பின்னும் ஒரு வெற்றிடம். அத்துணை நியூத்திரன்களைத் தரும் உலை இன்னும் இல்லாமையால், ஆய்வாளர் தங்குதன் தகட்டைப் பார அயன்களால் தாக்கிச் செயற்கையாகப் பழுதாக்கி, பின்னர்த் தூத்தேரியத்தைச் செலுத்துகின்றனர். அதன்பின் தகட்டை மெல்ல மெல்லச் சூடாக்கி, எந்த வெப்பநிலையில் எவ்வளவு வாயு வெளிவருகின்றதென அளக்கின்றனர்.