துப்பாக்கித் தொலைநோக்கிக்குத் தக்க வளையங்கள்

ரைபிளின் முதுகில் ஒரு தொலைநோக்கியை இரண்டு வளையங்கள் 10 சென்டிமீட்டர் இடைவெளி விட்டுத் தாங்கி நிற்கின்றன என்று கொள்வோம். அவற்றுள் ஒன்று, ஏறக்குறைய ஒரு தலைமயிரின் கனமாகிய பத்தில் ஒரு மில்லிமீட்டர் அளவு மாத்திரம் பக்கவாட்டில் நகர்ந்துவிட்டால், 100 மீட்டர் தூரத்தில் உள்ள அட்டையில் குண்டு படும் ஸ்தானம் 10 சென்டிமீட்டர் விலகிப்போகும். 300 மீட்டரிலோ அந்த விலகல் 30 சென்டிமீட்டராகிவிடும். சாதாரணமான கணக்குத்தான் இது. ஆனால் இந்தக் கணக்கை மனத்தில் வாங்கிக்கொண்டு வளையம் வாங்குகிறவர்கள் மிகச் சிலரே. வில்லைகளின் தெளிவுக்கும் உருப்பெருக்கத்துக்கும் கணக்குப் பாராமல் பணத்தைச் செலவிட்டுவிட்டு, பையில் மிஞ்சிய சில்லறைக்கு எந்த வளையம் கிடைக்குமோ அதை வாங்கிப் பூட்டி, பிறகு குண்டுகள் சிதறுவதைக் கண்டு தோட்டாவின்மீதும் குழலின்மீதும் விசையின்மீதும் குற்றம் சுமத்துகிறவர்களே அதிகம். என் அபிப்பிராயத்தில், தொலைநோக்கி வாங்கத் தீர்மானிக்கும்போதே வளையங்களுக்கும் அடித்தளத்துக்கும் உரிய தொகையைத் தனியாக எடுத்து வைத்துவிட வேண்டும். அதன் பிறகு எஞ்சுவதுதான் தொலைநோக்கிக்கு உரிய பணம்.

பொதுவாகப் பேசிக்கொண்டு போவதைக் காட்டிலும் ஒரு குறிப்பிட்ட துப்பாக்கியை எதிரில் வைத்துக்கொள்வது விஷயத்தை விளக்கச் சௌகரியமாக இருக்கும். அமெரிக்காவில் 1962-ஆம் ஆண்டில் விற்பனைக்கு வந்து, இன்றளவும் வேட்டைக்காரர்களும் இலக்குச் சுடுவோரும் விரும்பிக் கையாளும் ரெமிங்டன் 700 என்னும் போல்ட் ரைபிளை எடுத்துக்கொள்வோம். அது .308 வின்செஸ்டர் தோட்டாவுக்கு உரியது என்றும், அதன்மேல் ஏற்றப் போகும் தொலைநோக்கியின் நடுக்குழாய் 30 மில்லிமீட்டர் விட்டமும் முன்வில்லை 50 மில்லிமீட்டர் விட்டமும் உடையவை என்றும் வைத்துக்கொள்வோம். வேலையைத் தொடங்குவதற்கு முன் தோட்டாப் பெட்டியைக் காலி செய்து, போல்ட்டை வெளியே எடுத்து, குழலின் உள்ளே வெளிச்சம் தெரிகிறதா என்று கண்ணால் பார்த்து நிச்சயப்படுத்திக்கொள்வது அவசியம். காலியாகத்தான் இருக்கும் என்ற நம்பிக்கை இதில் உதவாது.

முதலில் நிர்ணயிக்க வேண்டியது வளையமன்று, அது கவ்விப் பிடிக்கப் போகும் அடித்தளம். வில்லியம் வீவர் என்ற அமெரிக்கர் 1930-இல் தொடங்கிய நிறுவனத்தின் பெயரால் வழங்கும் வீவர் அடித்தளத்தில், குறுக்கே வெட்டப்பட்ட பள்ளத்தின் அகலம் 0.180 அங்குலம், பள்ளங்களுக்கு இடையே உள்ள தூரத்துக்கு நிலையான அளவு கிடையாது. நியூ ஜெர்சியில் உள்ள பிக்காட்டினி ராணுவ ஆயுதசாலையின் பெயரைத் தாங்கி, 1995-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில் அமெரிக்க ராணுவப் பிரமாணமாக ஏற்கப்பட்ட பிக்காட்டினி ரெயிலிலோ பள்ளத்தின் அகலம் 0.206 அங்குலம் என்றும், ஒரு பள்ளத்தின் நடுவிலிருந்து அடுத்ததன் நடுவுக்கு 10.01 மில்லிமீட்டர் என்றும் திட்டமாக வரையறுக்கப்பட்டிருக்கிறது. ஆகையால் வீவருக்குச் செய்த வளையம் பெரும்பாலும் பிக்காட்டினியில் உட்கார்ந்துவிடும். பிக்காட்டினிக்குச் செய்த வளையத்தின் தடித்த குறுக்குத்தண்டு வீவரின் ஒடுங்கிய பள்ளத்தில் இறங்காது. இவ்விரண்டும் அல்லாத வகைகளும் உண்டு. ரூகர் எம்77 ரைபிளில் போல்ட் ஓடும் உடற்பகுதியாகிய ரிசீவரிலேயே அடித்தளம் சேர்த்து வார்க்கப்பட்டிருப்பதால் அதற்கென்றே செய்த வளையங்கள் வேண்டும், டிக்கா டி3 ரைபிளுக்கு புறாவின் வால்போல் விரிந்த வடிவுள்ள 17 மில்லிமீட்டர் தண்டவாளம், சி.இசட். 550-க்கு 19 மில்லிமீட்டர், சிறிய .22 ரைபிள்களிலும் காற்றுத் துப்பாக்கிகளிலும் பெரும்பாலும் 11 மில்லிமீட்டர். நம்முடைய ரெமிங்டனில் ரிசீவரின் முன்பகுதியும் பின்பகுதியும் ஒரே மட்டத்தில் இல்லாமையால், இரு துண்டுகளான அடித்தளத்தை வாங்கினால் முன்னதைப் பின்னதாகவும் பின்னதை முன்னதாகவும் மாற்றி வைத்துவிட இடமுண்டு. அதனாலேயே, ஒரே துண்டாகச் செய்த எஃகுப் பிக்காட்டினி ரெயிலை நான் சிபாரிசு செய்கிறேன். இரு வளையங்களும் ஒரே நேர்கோட்டில் அமைவதற்கு அது பெரிதும் அனுகூலம்.

குழாயின் விட்டத்தைப் பற்றி நீட்டிப் பேச ஒன்றுமில்லை. ஓர் அங்குலமாகிய 25.4 மில்லிமீட்டர், 30 மில்லிமீட்டர், 34 மில்லிமீட்டர் ஆகிய மூன்றுமே இன்று பெருவழக்கு. வெர்னியர் காலிப்பரால் அளந்து, அந்த அளவுக்கே உரிய வளையத்தை வாங்குங்கள். பெரிய வளையத்துக்குள் காகிதத்தையும் ஒட்டும் நாடாவையும் சுற்றிச் சிறிய குழாயைத் திணிப்பது கூடவே கூடாது.

உயரம் என்ற விஷயத்தில்தான் அனுபவசாலிகளும் ஏமாறுகிறார்கள். தாழ்ந்தது, நடுத்தரம், உயர்ந்தது என்று பெட்டியின்மேல் அச்சிட்டிருக்கும் பெயர்களுக்குப் பொதுவான பிரமாணம் எதுவும் இல்லை. ஒரு தொழிற்சாலை தாழ்ந்தது என்று விற்பது மற்றொன்றின் நடுத்தரமாக இருக்கலாம். எனவே கணக்குப் போட்டே தீர வேண்டும். முன்வில்லையின் விட்டம் 50 மில்லிமீட்டர் என்றாலும், அதைச் சூழ்ந்த உலோகக் கிண்ணத்தின் வெளிவிட்டம் அதைவிடப் பெரியது. காலிப்பரில் அது 57 மில்லிமீட்டர் என்று வருவதாக வைத்துக்கொண்டால், அதில் பாதி 28.5. குழலுக்கும் கிண்ணத்துக்கும் நடுவே 3 மில்லிமீட்டர் இடைவெளி விட்டால், தொலைநோக்கியின் மையக்கோடு குழலின் மேற்பரப்பிலிருந்து 31.5 மில்லிமீட்டர் உயரத்தில் இருந்தாக வேண்டும். இப்போது ரெயிலின்மேல் ஓர் இரும்பு அளவுகோலை நீளவாக்கில் கிடத்தி, கிண்ணம் வந்து நிற்கும் இடத்தில் அளவுகோலின் அடிக்கும் குழலுக்கும் உள்ள தூரத்தை அளந்து பாருங்கள். அது 12 மில்லிமீட்டரானால், ரெயிலின் மேல்தளத்திலிருந்து வளையத்தின் மையம் வரைக்கும் குறைந்தபட்சம் 19.5 மில்லிமீட்டர் வேண்டும் என்பது தெளிவாகிறது. ஆனால் சில தொழிற்சாலைகள் உயரத்தை வளையத்தின் மையம் வரை அளந்து சொல்லுகின்றன. வேறு சில, குழாயின் அடிப்பாகம் வரை மாத்திரம் அளந்து சொல்லுகின்றன. பின்னதானால் குழாயின் பாதி விட்டமாகிய 15 மில்லிமீட்டரைக் கழித்து, 4.5 என்றே தேட வேண்டும். இந்த வித்தியாசத்தைக் கவனியாமல் 20 என்ற எண்ணைக் கண்டு வாங்கியவரின் தொலைநோக்கி கோபுரம்போல் உயர்ந்து நிற்கும். கன்னத்தைக் கட்டையில் பதிக்க முடியாமல் தாடையைத் தூக்கிக்கொண்டு பார்க்க நேரும்.

முன்பக்கம் சரியாகிவிட்டால் மட்டும் போதாது; பின்பக்கத்தையும் பார்க்க வேண்டும். ரெமிங்டன் 700-இன் போல்ட் கைப்பிடி 90 பாகை மேலே எழும்பித் திறப்பது. அப்படி எழும்பும்போது கண்பக்கத்து வில்லையின் தடித்த விளிம்பில் அது இடிக்கலாம். கையுறை அணிந்து சுடும் குளிர்தேசத்தாருக்கு விரல் நுழையவும் இடம் வேண்டும். திறந்து மூடும் வில்லை மூடிகளை மாட்டுவதாக உத்தேசமிருந்தால் அவற்றின் கனத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். இவை யாவற்றுக்கும் இடம் விட்டபின் எது மிகத் தாழ்ந்ததோ, கண்ணை மூடிக்கொண்டு துப்பாக்கியைத் தோளில் அணைத்து, பிறகு கண்ணைத் திறந்ததும் எதில் முழு வட்டக் காட்சி தானாகவே தெரிகிறதோ, அதுவே உங்களுக்கு உரிய உயரம்.

அடுத்து உலோகம். எஃகு வளையங்கள் உறுதியானவை, ஆனால் அலுமினியத்தைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு எடை. அலுமினியத்திலும் 7075-டி6 என்ற கலவை 6061-டி6 என்பதைக் காட்டிலும் வளையாமல் தாங்கும் வலிமையில் ஏறத்தாழ இரண்டு பங்கு உயர்ந்தது. எடையோ இரண்டுக்கும் அதிக வித்தியாசமில்லை. நம்முடைய உதாரணத்துக்கு 7075 கலவைத் துண்டத்தைக் கடைந்தெடுத்த வளையங்களே போதுமானவை. பெரிய மிருகங்களை வேட்டையாடும் கனத்த ரைபிள்களுக்கு எஃகே உத்தமம். உலோகத்தின் பெயரைச் சொல்லாமல் பளபளப்பை மட்டும் புகழ்ந்து விற்கும் வளையத்தை விட்டுவிடுங்கள். வளையம் படுக்கைவாட்டில் பிளந்ததா, வார்ன் கம்பெனியார் செய்வதுபோல் செங்குத்தாகப் பிளந்ததா என்பதைப் பற்றிப் பெரிய விவாதங்கள் நடக்கின்றன. இரண்டிலும் நல்லவை உண்டு, மாட்டுவதற்கு எளிது முன்னதுதான். ரிசீவரின் துளைகள் கோணலாக அமைந்துவிட்ட பழைய ரைபிள்களுக்கு, பர்ரிஸ் சிக்னேச்சர் வளையங்களில் உள்ளதுபோன்ற கோளவடிவ உள்வளையம் ஒரு பெரிய உபகாரம். அது தானே திரும்பிக் குழாயோடு பொருந்திக்கொள்ளும்.

கடையில் வளையத்தைக் கையில் வாங்கியதும் செய்ய வேண்டிய பரீட்சை ஒன்று உண்டு. மேல்மூடியைக் கழற்றி, உள்வளைவின்மேல் விரல்நகத்தை ஓட்டிப் பாருங்கள். வெட்டுக்கருவி விட்டுச்சென்ற பிசிறு எங்கேனும் நகத்தைப் பற்றினால், அதே பிசிறு நாளைக்கு உங்கள் தொலைநோக்கியின் குழாயில் கோடு கிழிக்கும். திருகுகளின் தலையில் இருப்பது வழவழத்துப் போகக்கூடிய ஒற்றைக் கீற்றா, நட்சத்திர வடிவான டார்க்ஸ் குழியா என்று கவனியுங்கள்; பின்னது சிரேஷ்டம். ஒவ்வொரு திருகையும் விரலாலேயே ஏற்றி இறக்கி, இடையில் இறுகுகிறதா என்று பாருங்கள். நல்ல வளையங்களில் மூடியையும் அடியையும் ஒன்றாகச் சேர்த்தே கடைந்திருப்பார்கள். ஆதலால் ஒன்றன் மூடியை மற்றொன்றுக்கு மாற்றிவிடாமல் மைக்கோல் கொண்டு அடையாளமிட்டுக்கொள்ளுங்கள்.

பூட்டும் முறைக்கு வருவோம். ரெயிலின் திருகுகளையும் துளைகளையும் எண்ணெய்ப் பசை நீங்கத் துடைத்து, நீல நிறத் திருகுப்பசையில் ஒரு துளி இட்டு, சாதாரண 6-48 திருகுகளானால் 20 அங்குல-பவுண்டு அளவுக்கு இறுக்கலாம். முறுக்கின் அளவைக் காட்டும் திருப்புளி இல்லாமல் இந்த வேலையில் இறங்குவது உசிதமன்று. வளையங்களின் அடிப்பாகத்தை ரெயிலில் வைத்ததும், அவற்றைக் குழலின் வாய்ப்பக்கமாக முன்னுக்குத் தள்ளிப் பிடித்துக்கொண்டே பக்கத்து நட்டை இறுக்க வேண்டும். துப்பாக்கி வெடித்துப் பின்னுக்கு உதைக்கும்போது தொலைநோக்கி இருந்த இடத்திலேயே நிற்க முயல்வதால், துப்பாக்கியைப் பொறுத்தமட்டில் அது முன்னோக்கி ஓடப் பார்க்கிறது. குறுக்குத்தண்டு பள்ளத்தின் முன்சுவரில் ஏற்கெனவே முட்டி நின்றால் ஓட வழியிராது. வில்விசைக் காற்றுத் துப்பாக்கியில் மட்டும் உதைப்பு முதலில் பின்னும் உடனே முன்னுமாக இரு திசையிலும் நிகழ்வதால், தடுப்பு ஊசி உள்ள, காற்றுத் துப்பாக்கிக்கென்றே செய்த வளையம் வேண்டும். இந்தியாவில் 0.177 அங்குலத்துக்கும் 20 ஜூல் சக்திக்கும் மேற்படாத காற்றுத் துப்பாக்கிக்கு உரிமம் தேவையில்லை என்று 2016-ஆம் ஆண்டின் ஆயுத விதிகள் கூறுவதால், நம் வாசகர்களில் பலருக்கு உபயோகப்படப் போவது இந்த வகைதான்.

பிறகு தொலைநோக்கியை வளையங்களின் அடிப்பாகத்தில் மெல்ல இறக்கி வையுங்கள். கையால் அழுத்தாமலே இரண்டிலும் அது சீராகப் படிந்து உட்கார்ந்தால் வளையங்கள் நேராக உள்ளன. ஒன்றில் உட்கார்ந்து மற்றொன்றில் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நின்றால் கோணல் உண்டு. மணற்பசையும் எஃகுத் தண்டும் கொண்டு வளையத்தின் உட்புறத்தைத் தேய்த்துச் சமப்படுத்தும் வழக்கம் ஒன்று இருக்கிறது. மலிவான வளையத்தைத் தேய்த்துத் திருத்துவதைக் காட்டிலும் நல்லதை வாங்குவதே மேல் என்பது என் முடிவு; உள்வளையம் உள்ளவற்றையோ ஒருபோதும் தேய்க்கக் கூடாது. கண்ணுக்கும் கண்வில்லைக்கும் இடையே ஏறக்குறைய 9 சென்டிமீட்டர் இருக்கும்படி, உருப்பெருக்கத்தை உச்சத்தில் வைத்துப் பார்த்து இடத்தை நிச்சயித்து, தூரத்தில் ஒரு தூக்குநூலைத் தொங்கவிட்டு அதனோடு குறுக்குக்கோடுகளை நேர்ப்படுத்துங்கள். மூடியின் திருகுகளைக் கார்ச் சக்கரம் மாட்டும் மெக்கானிக்கைப் போல எதிரெதிராகச் சிறிது சிறிதாக ஏற்றி, இருபுறத்து இடுக்குகளும் சமமாக இருக்கும்படி, 15 முதல் 18 அங்குல-பவுண்டு வரை இறுக்குவது போதும். இதற்குமேல் இறுக்கினால் குழாய் நசுங்கி, உள்ளே இருக்கும் திருத்து பாகங்கள் ஸ்தம்பித்துப்போகும். பக்கத்து நட்டுக்கு வளையத்தோடு வந்த தாளில் குறித்த அளவையே பின்பற்ற வேண்டும். கனத்த நட்டுகளுக்கு அது 65 அங்குல-பவுண்டு வரை போகும். மூடித் திருகுகளுக்குப் பசை வேண்டாம். ஈரமான பசை வழுக்குவதால், திருப்புளி காட்டும் அளவைவிட உண்மையில் அதிக இறுக்கம் ஏறிவிடும்.

எல்லாம் முடிந்தபின், வளையத்தின் விளிம்பும் குழாயும் சேரும் இடத்தில் வெள்ளை நகப்பூச்சினால் மெல்லிய கோடு ஒன்றை இரண்டின்மேலும் படும்படி இழுத்துவிடுங்கள். அரசு அனுமதி பெற்ற சுடுதளத்தில் முதல் 20 தோட்டாக்களைச் சுட்டதும் அந்தக் கோட்டைப் பாருங்கள். உடையாமல் நேராக இருந்தால் நீங்கள் வாங்கிய வளையம் நல்ல வளையம். குறித்த அளவுக்கு இறுக்கியிருந்தும் கோடு இரண்டாகப் பிரிந்திருந்தால், திருகுகளை மேலும் முறுக்கிக் குழாயைக் கெடுத்துக்கொள்ளாமல், அன்றே வளையத்தைக் கழற்றிக் கடைக்காரரிடம் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.