ஓட்டும் தொகுதியும்: தென்காசிப் பக்கத்து அங்கத்தினர்களுக்கு ஒரு பாடம்



சட்டசபை மெம்பர் என்பவர் எந்த ஊர்களுக்குப் பிரதிநிதி? அவரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை முற்காலத்தில் யாருக்கு இருந்தது? யாருக்கு இல்லை? இவற்றை நம் பக்கத்து உதாரணங்களைக் கொண்டே அறிந்தால், சங்கத்தில் நமக்குள்ள ஒற்றை ஓட்டின் மதிப்பு தானே விளங்கும். இப்பாடத்தைச் சங்கக் கூட்டத்தில் ஒருவர் வாசிக்க மற்றவர் கேட்பது நலம்.

1. தொகுதி

சட்டசபைக்கு எல்லா ஜனங்களும் போய் உட்கார இயலாது. ஆகையால் நாட்டைப் பல பகுதிகளாக வகுத்து, ஒவ்வொரு பகுதிக்கும் பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அப்பகுதிக்கே தொகுதி என்று பெயர். தொகுதி பெரிதாக இருந்தால் பிரதிநிதி எட்டாதவராவார். சிறிதாக இருந்தால் அவரைக் கண்டு குறை சொல்லுதல் எளிது.

1919-ம் வருஷத்து இந்திய அரசாங்கச் சட்டப்படி, 1920 நவம்பரில் சென்னைச் சட்டசபைக்குத் தேர்தல் நடந்தது. தேர்ந்தெடுக்கப்பட வேண்டிய ஸ்தானங்கள் 98. திருநெல்வேலியும் பாளையங்கோட்டையும் சேர்ந்து ஒரு நகரத் தொகுதியாயின. குற்றால மலையடிவாரத்துக் கிராமங்களோ, ஜில்லா அளவான பெரிய கிராமத் தொகுதியில் அடங்கின. டில்லியிலிருந்த மத்திய சட்டசபைக்கு இன்னும் பெரிய தொகுதி: மதுரை, இராமநாதபுரம், திருநெல்வேலி ஆகிய மூன்று ஜில்லாக்களும் ஒன்றாகவே சேர்க்கப்பட்டிருந்தன.

தொகுதிகள் நிலப்பரப்பைக்கொண்டு மட்டும் பிரிக்கப்படவில்லை. முஸ்லிம்களுக்கும் இந்தியக் கிறிஸ்தவர்களுக்கும் தனித் தொகுதிகள் இருந்தன. எனவே ஒரே தெருவில் அடுத்தடுத்த வீட்டில் வசித்த இருவர், வெவ்வேறு மெம்பரைத் தேர்ந்தெடுக்க நேர்ந்தது. கிணறும் குளமும் பொதுவாயிருக்க, பிரதிநிதி மாத்திரம் வேறானார்.

1935-ம் வருஷத்துச் சட்டம் சென்னை அசெம்பிளிக்கு 215 ஸ்தானங்களை ஏற்படுத்தியது. அவற்றுள் பொது ஸ்தானங்கள் 146. இவற்றில் 30 தாழ்த்தப்பட்ட வகுப்பாருக்கு ஒதுக்கப்பட்டன. முஸ்லிம்களுக்கு 28, இந்தியக் கிறிஸ்தவர்களுக்கு 8, பெண்களுக்கு 8, நிலச்சுவான்தார்களுக்கு 6, தொழிலாளருக்கு 6; எஞ்சியவை ஏனையோருக்கு. 1937-ல் நடந்த தேர்தலில் தென்காசித் தொகுதியிலிருந்து டி. எஸ். சொக்கலிங்கம் தேர்ந்தெடுக்கப்பட்டார். அவர் தென்காசியிற் பிறந்தவர். 1934-ல் தோன்றிய ‘தினமணி’ப் பத்திரிகையின் முதல் ஆசிரியர். ஜில்லா அளவில் இருந்த தொகுதி தாலுகாவை நெருங்கியதும், ஊர்க்காரர் ஒருவரே ஊருக்காகப் பேச வழி பிறந்தது.

2. யாருக்கு ஓட்டு?

1920-ல் ஓட்டுரிமை சொத்தையும் வரியையும் தொடர்ந்தது. குறித்த மதிப்புள்ள நிலத்துக்குப் பட்டாதாராக இருப்பவர், வருமான வரி செலுத்துகிறவர், பட்டாள உத்தியோகத்திலிருந்து நீங்கினவர் முதலியோரே வாக்காளர் ஜாபிதாவில் இடம்பெற்றனர். ராஜதானியின் ஜனத்தொகை 4 கோடிக்கு மேல். வாக்காளர் தொகை ஏறக்குறைய 12½ லட்சம். நூறு பேருக்கு மூன்று பேர் என்று கொள்ளலாம். நஞ்சையில் இறங்கி நாற்று நட்டவருக்கும், வாரத்துக்குப் பயிரிட்டவருக்கும் ஓட்டு இல்லை. பெண்களுக்குள்ள தடையை 1921-ல் சென்னைச் சட்டசபையே நீக்கியது. ஆயினும் சொத்துத் தகுதி அவர்களுக்கும் வேண்டியிருந்தது.

1937-ல் எழுத்தறிவும் ஒரு தகுதியாகச் சேர்க்கப்பட்டு, பிரிட்டிஷ் இந்தியா முழுவதும் சுமார் 3 கோடிப் பேர் ஓட்டுப் பெற்றனர். வரி செலுத்தியும் எழுத்தறியாதார் பலர் இருந்தமையால், நம் ராஜதானியில் அபேட்சகர்களுக்கு வர்ணப் பெட்டிகள் வைக்கப்பட்டன; காங்கிரஸுக்கு மஞ்சள் பெட்டி. வயதுவந்த யாவருக்கும் ஓட்டு என்னும் நிலை 1952 பொதுத் தேர்தலிலேதான் வந்தது.

3. எல்லைக்கு அப்பால்

தென்காசிக்கு மேற்கே ஐந்து மைலில் உள்ள செங்கோட்டை, 1956 நவம்பர் 1-ந் தேதி வரையில் நம் ராஜ்யத்தில் சேர்ந்ததன்று. முதலில் திருவிதாங்கூரையும் பின்னர் திரு-கொச்சியையும் சார்ந்திருந்தது. குற்றாலத்துச் சாரலில் இரு ஊராரும் சேர்ந்தே நீராடினர். ஆனால் செங்கோட்டையாரின் குறைகளைக் கேட்கும் சபை திருவனந்தபுரத்தில் இருந்தது. அங்கே 1888-லேயே சட்ட நிரூபண சபையும், 1904-ல் ஸ்ரீ மூலம் பிரஜா சபையும் ஏற்பட்டன. எல்லைக்கோடு எங்கே விழுகிறதோ, அதைப் பொறுத்தே ஒருவன் யாரிடம் முறையிடுவது என்பது முடிவாகிறது.

4. அதனால் நமக்கென்ன?

1919-ம் வருஷத்து ஏற்பாட்டில் கூட்டுறவு இலாகா, சட்டசபைக்குப் பொறுப்புள்ள மந்திரிகளிடம் ஒப்புவிக்கப்பட்டது. 1932-ம் வருஷத்துச் சென்னைக் கூட்டுறவுச் சங்கங்கள் சட்டம் அச்சபையின் காலத்திலேயே உண்டாயிற்று. 1937-ல் அமைந்த சபை, 1938-ல் விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டத்தை நிறைவேற்றியது. 1932 அக்டோபர் 1-ந் தேதிக்கு முன் பட்ட கடன்களுக்கு, 1937 அக்டோபர் 1-ந் தேதியன்று நின்ற வட்டிப் பாக்கியை அச்சட்டம் தள்ளுபடி செய்தது. வாக்காளர் ஜாபிதாவில் விவசாயிகள் பெருகிய தேர்தலுக்கு அடுத்த வருஷமே இது நடந்ததென்பதைக் கவனியுங்கள்.

5. சங்கத்தில் உள்ள ஓட்டு

நம் ராஜதானியின் முதல் கிராமச் சங்கம் 1904-ல் செங்கற்பட்டு ஜில்லா திரூரில் பதிவாயிற்று. 1912-ம் வருஷத்துக் கூட்டுறவுச் சட்டம், வரையறையற்ற பொறுப்புள்ள சங்கத்தில் ஓர் அங்கத்தினருக்கு, அவருடைய மூலதனம் எவ்வளவாயினும், ஒரு ஓட்டுத்தான் என்று விதித்தது. ஒருவர் கடனுக்கு எல்லோரும் ஜவாப்தாரிகள். பொறுப்பு யாவருக்கும் உண்டாதலால் ஓட்டும் சமம் ஆயிற்று. சட்டசபைக்கு ஓட்டில்லாத சிறு குடியானவன், தன் ஊர்ச் சங்கத்தில் பெரிய மிராசுதாருக்குச் சமமாகக் கை தூக்க அன்றே உரிமை பெற்றான். நாட்டுக்கு 1952-ல் வந்த நியாயம், கிராமச் சங்கத்துக்கு நாற்பது வருஷம் முந்தியே சட்டத்தில் இருந்தது.

ஆனால் சட்டம் கொடுத்ததை ஊர் வழக்கம் பல இடங்களில் கொடுக்கவில்லை. பெரியவர் முகத்தைப் பார்த்துக் கை தூக்கினால், ஓட்டு பலவாயினும் கருத்து ஒன்றே. நிர்வாகிகளைத் தேர்ந்தெடுக்கும் தினத்தில் வீட்டிலிருந்துவிட்டு, கடன் கிடைக்காதபொழுது குறை கூறுவதால் பயனில்லை. ஓட்டுக் கொடுப்பதோடு கடமை தீர்வதுமில்லை. சட்டசபை மெம்பரிடம் அரசாங்கச் செலவைப் பற்றிக் கேட்பதுபோலவே, வரவு செலவுக் கணக்கையும் தணிக்கை அறிக்கையையும் பொதுக் கூட்டத்தில் வாசிக்கும்படி கேட்பதும் அங்கத்தினரின் உரிமை. இன்றும் ஓர் அங்கத்தினருக்கு ஒரு ஓட்டே. அதை உபயோகிக்கிறவருக்குத்தான் அது சொத்து.

கூட்டத்தில் கேட்கத்தக்க வினாக்கள்

1. 1920-ல் நமது கிராமத்தில் எவ்வகையாருக்கு ஓட்டு இருந்திருக்கும்? எவ்வகையாருக்கு இருந்திராது?
2. தொகுதி பெரிதாவதாலும் சிறிதாவதாலும் உண்டாகும் நன்மை தீமைகள் யாவை?
3. நம் சங்கத்தின் அங்கத்தினர் ஜாபிதாவில் நம் பெயர் சரியாக இருக்கிறதா? கடைசியாக நடந்த பொதுக் கூட்டத்துக்கு வந்தவர் எத்தனை பேர், வராதவர் எத்தனை பேர்?