கிளிப்பர் சர்க்யூட்டிலிருந்து காபர் வரை: ஹார்ட்கோர் டெக்னோ ஒரு பாடம்

எலக்ட்ரானிக்ஸ் லேபில் கிளிப்பர் சர்க்யூட் செஞ்சிருப்பீங்க. சைன் அலையை உள்ளே கொடுத்தா, தலையும் காலும் வெட்டுப்பட்டு வெளியே வரும். சிஆர்ஓ திரையைப் பார்த்து கிராஃப் ஷீட்டில் வரைஞ்சு, அப்சர்வேஷன் நோட்டில் கையெழுத்து வாங்கி, அதோட மறந்திருப்பீங்க. அந்த வெட்டுப்பட்ட அலையைக் காதால் கேட்டால் எப்படி இருக்கும்னு நம்மில் எத்தனை பேர் யோசிச்சோம்?

யோசிச்ச ஒரு கூட்டம் இருக்கு. அவங்க உருவாக்கிய இசைக்குப் பெயர் ஹார்ட்கோர் டெக்னோ. முதல் தடவை கேட்கும்போது வாஷிங் மெஷினுக்குள் செங்கல் போட்டு ஓட்டுற மாதிரிதான் இருக்கும். "இதெல்லாம் ஒரு பாட்டா?" என்று கேட்டுவிட்டு மூடிவிடத் தோன்றும். மூடுவதற்கு முன் பத்து நிமிடம் கொடுங்க. இதன் கிளை வகைகளின் பெயர்களைப் பார்த்தால் தலை சுற்றும். ஆனால் இரண்டே இரண்டு குமிழ்களைப் புரிந்துகொண்டால் பெரும்பாலானவை பிடிபட்டுவிடும். ஒன்று சிதைவு, அதாவது டிஸ்டார்ஷன். இன்னொன்று வேகம்.

முதல் குமிழ்: சிதைவு

ரோலண்ட் நிறுவனம் 1983-ல் டிஆர்-909 என்ற டிரம் மெஷினை வெளியிட்டது. விற்பனை சரியாகப் போகவில்லை. இரண்டு வருடத்தில் தயாரிப்பையே நிறுத்திவிட்டார்கள். பிறகு செகண்ட் ஹேண்டில் கிடைத்த அந்தப் பெட்டிதான் டெக்னோவின் அடித்தளமானது. அதிலுள்ள கிக் டிரம் ஒலி ஒரு எளிய அனலாக் சர்க்யூட்டிலிருந்து வருகிறது: ஒரு ஆஸிலேட்டர், அதன் அதிர்வெண் சட்டென்று மேலிருந்து கீழே இறங்கும், தொடக்கத்தில் ஒரு சின்ன 'டிக்'. அவ்ளோதான்.

அந்தக் கிக்கை மிக்ஸரில் தாங்கும் அளவுக்கு மேல் ஏற்றினால் என்ன ஆகும்? நம்ம லேபில் நடந்ததேதான். அலையின் முகடு வெட்டுப்பட்டுச் சதுர அலையை நெருங்கும். ஃபூரியே தொடர் ஞாபகம் இருக்கா? இருபுறமும் சமமாக வெட்டப்பட்ட சைன் அலையில் ஒற்றைப்படை ஹார்மோனிக்குகள் முளைக்கும். 50 ஹெர்ட்ஸ் கிக் என்றால் 150, 250, 350 என்று மேலே போய்க்கொண்டே இருக்கும். 'தும்' என்று அடங்கிய ஒலி இப்போது 'டாங்' என்று உறுமும். மொபைல் ஸ்பீக்கரால் 50 ஹெர்ட்ஸை ஒழுங்காகக் கொடுக்க முடியாது. ஆனால் அந்த மேல் ஹார்மோனிக்குகள் கேட்கும். அடியில் இல்லாத சுருதியை மூளையே நிரப்பிக்கொள்ளும்.

இன்னொரு விளைவும் உண்டு. வெட்டப்பட்ட கிக்கின் வால் நீளமாக, சுருதியோடு ஒலிக்கும். எனவே அதை ஒரு ஸ்வரத்துக்கு டியூன் செய்யலாம். தாளம் போட வந்த கிக்கே பேஸ் கிட்டார் வேலையையும் சேர்த்துச் செய்யும். ஹார்ட்கோரின் மையக் கண்டுபிடிப்பு இதுதான்.

எங்கே, யார்?

1990-ஐ ஒட்டி ஜெர்மனியின் ஃபிராங்ஃபர்ட்டில் மார்க் அகார்டிபேன் என்பவர் 'மெஸ்கலினம் யுனைடெட்' என்ற பெயரில் 'வீ ஹேவ் அரைவ்ட்' என்ற டிராக்கை உருவாக்கினார். இந்த வகையின் தொடக்கப் புள்ளியாகப் பலரும் காட்டுவது இதைத்தான். நியூயார்க்கின் புரூக்ளினில் லென்னி டீ 1991-ல் 'இண்டஸ்ட்ரியல் ஸ்ட்ரெங்த்' லேபிளைத் தொடங்கினார். ஆனால் இது ஒரு ஊரின் அடையாளமாகவே மாறியது நெதர்லாந்தின் ராட்டர்டாமில்.

ராட்டர்டாம் ஐரோப்பாவின் மிகப் பெரிய துறைமுகம். 1940 மே மாதத்தில் ஜெர்மன் விமானங்கள் குண்டு வீசியதில் நகரின் மையமே தரைமட்டமானது. திரும்பக் கட்டியது உழைக்கும் மக்களின் ஊர். ஆம்ஸ்டர்டாம் மாதிரி அழகான கால்வாய்க் கட்டிடங்கள் அங்கே அதிகம் கிடையாது. இரண்டு ஊருக்கும் கால்பந்திலிருந்து எல்லாவற்றிலும் போட்டி. பார்க்சிக்ட் என்ற கிளப்பில் இந்த முரட்டு ஒலி வளர்ந்தது. 1992-ல் பால் எல்ஸ்டாக் 'ராட்டர்டாம் ரெக்கார்ட்ஸ்' தொடங்கினார். அதில் வந்த யூரோமாஸ்டர்ஸ் குழுவின் முதல் வெளியீட்டின் தலைப்பே "ஆம்ஸ்டர்டாமா, அது எங்கே இருக்கு?" என்ற பொருளில் ஒரு நக்கல்.

இந்த டச்சு வகைக்குப் பெயர் காபர். 'காபர்' என்றால் ஆம்ஸ்டர்டாம் பேச்சுவழக்கில் தோழன். ஹீப்ரு மூலத்திலிருந்து யித்திஷ் வழியாக வந்த சொல். நம்ம பாஷையில் 'மச்சி'. "அவனுங்க சும்மா மச்சிங்க, கும்மாளம் போடுறானுங்க" என்கிற தொனியில் ஆம்ஸ்டர்டாம்காரர் ஒருவர் இளக்காரமாகச் சொன்னதை, ராட்டர்டாம் பசங்க பெருமையாக எடுத்துக்கொண்டார்கள் என்று சொல்லப்படுகிறது. சிக்னலில் தவறு என்று ஒதுக்கப்பட்ட சிதைவையும், தங்களை மட்டம் தட்டிய பெயரையும் அவர்கள் ஒரே மாதிரிதான் கையாண்டிருக்கிறார்கள்.

இரண்டாம் குமிழ்: வேகம்

இசையின் வேகத்தை நிமிடத்துக்கு எத்தனை அடி என்று அளப்பார்கள்; அதுதான் பிபிஎம். அதை 60-ஆல் வகுத்தால் ஹெர்ட்ஸ். சாதாரண டெக்னோ 130-ஐ ஒட்டி ஓடும், அதாவது விநாடிக்கு இரண்டு அடிக்குச் சற்று மேல். காபர் 160 முதல் 190 வரை போகும். இப்போது குமிழைத் திருப்பிக்கொண்டே போவோம்.

ஹேப்பி ஹார்ட்கோர்: 160 முதல் 180. பிரிட்டனில் வளர்ந்தது. பியானோ, வேகமாக்கப்பட்டுக் கீச்சிடும் பெண் குரல், துள்ளலான மெட்டு. முரட்டு அண்ணனுக்குச் சிரிச்ச முகத் தம்பி.

பிரெஞ்ச்கோர்: 200-ஐ ஒட்டி. பிரான்சின் அனுமதியில்லாத திறந்தவெளி விழாக்களோடு சேர்ந்து வளர்ந்தது. கிக்குகளுக்கு நடுவில் பேஸ் குதிக்கும்.

ஸ்பீட்கோர்: 300-க்கு மேல். இங்கே கால் ஆடாது. இயந்திரத் துப்பாக்கி மாதிரி உடம்பில் படும்.

எக்ஸ்ட்ராடோன்: 1000-க்கு மேல். 1200 பிபிஎம் என்றால் 20 ஹெர்ட்ஸ். மனிதக் காது ஸ்வரமாகக் கேட்கத் தொடங்கும் எல்லை அது. அதாவது தாளம் இங்கே தாளமாகவே இருக்காது, ஒரு ரீங்காரமாக மாறிவிடும். தாளமும் சுருதியும் வேறு வேறு பாடம் என்று நினைத்திருந்தோம். இரண்டும் ஒரே அளவுகோலின் இரு முனைகள்.

இரண்டு குமிழ்களுக்குள் அடங்காத வகைகளும் உண்டு. பிரேக்கோர் சீரான கிக்கை விட்டுவிட்டு, பதிவான டிரம் துணுக்கைப் பொடிப்பொடியாக வெட்டி அடுக்கும். அதில் அதிகம் வெட்டப்படுவது 'ஏமன் பிரேக்'. தி வின்ஸ்டன்ஸ் குழு 1969-ல் வெளியிட்ட பாட்டில் கிரிகரி கோல்மன் வாசித்த சுமார் ஆறு விநாடி டிரம். ஆயிரக்கணக்கான பாடல்களில் ஓடிய அந்த ஆறு விநாடிக்கு கோல்மனுக்கு ராயல்டி வரவேயில்லை. 2006-ல் வறுமையில், வீடில்லாமல் இறந்தார். சிம்போசியம் வீடியோவுக்கு எங்கிருந்தோ பீட் எடுத்து ஒட்டும்போது, அதை வாசித்தது யார் என்று ஒரு தடவை தேடிப் பாருங்க.

மொட்டைத் தலையும் இனவெறியும்

காபர் ரசிகர்கள் தலையை மொட்டையடித்து, டிராக்சூட் போட்டு, 'ஹாக்கன்' என்ற வேகக் கால் நடனம் ஆடினார்கள். மொட்டைத் தலையைப் பார்த்து வெளியாட்கள் நியோநாசிகள் என்று நினைத்தார்கள். நிஜமாகவே சில இனவெறியர்களும் கூட்டத்துக்குள் புகுந்தார்கள். மழுப்பாமல் சொல்ல வேண்டிய விஷயம் இது. கலைஞர்கள் பலர் இனவெறிக்கு எதிரான வாசகங்களை ரெக்கார்டுகளிலேயே போட்டுப் பதில் சொன்னார்கள். பெர்லினில் அலெக் எம்பயர் 1992-ல் தொடங்கிய அட்டாரி டீனேஜ் ரயாட் குழு, நாசி எதிர்ப்பையே தன் வேலையாக வைத்துக்கொண்டது. பங்க் கிட்டாரையும் வெட்டிய டிரம்மையும் கலந்த அவர்களின் வகைக்கு டிஜிட்டல் ஹார்ட்கோர் என்று பெயர்.

நீங்களே செய்து பாருங்க

ஆடாசிட்டியில் 60 ஹெர்ட்ஸ் சைன் டோன் உருவாக்குங்க. டிஸ்டார்ஷன் எஃபெக்ட் போய், ஹார்ட் கிளிப்பிங்கைத் தேர்ந்தெடுத்து, நன்றாக வெட்டுங்க. ஸ்பெக்ட்ரம் பார்த்தால் 180, 300, 420-ல் கம்பங்கள் எழும்பியிருக்கும். அடுத்து பைத்தானிலோ மேட்லாபிலோ ஒரு இம்பல்ஸ் வரிசை எழுதி, விநாடிக்கு 3, 10, 20, 100 என்று மாற்றிக் கேளுங்க. 'டக் டக்' என்பது எந்த இடத்தில் 'ம்ம்ம்' ஆகிறது என்று உங்க காதே சொல்லும்.

ஒரே ஒரு எச்சரிக்கை, இதுவும் அதே பாடத்திலிருந்துதான். உச்ச மதிப்பு சமமாக இருந்தாலும், சதுர அலையின் சக்தி சைன் அலையைப் போல இரண்டு மடங்கு, அதாவது 3 டெசிபல் அதிகம். காது பாதுகாப்புக்கு அமெரிக்காவின் நியோஷ் அமைப்பு சொல்லும் கணக்கு: 85 டெசிபலில் எட்டு மணி நேரம், ஒவ்வொரு 3 டெசிபல் ஏற்றத்துக்கும் நேரம் பாதியாகும். 100 டெசிபல் என்றால் 15 நிமிடம்தான். ஆகவே வழக்கமாகக் கேட்கும் வால்யூமிலேயே ஹார்ட்கோர் போட்டால் காதுக்குப் போகும் சக்தி கூடும். இரண்டு புள்ளி குறைச்சு வைங்க.

அவங்க வெட்டினது சிக்னலை. அதைத் திரும்ப உருவாக்கிக்கலாம். உள்காதின் முடிச் செல்கள் ஒரு தடவை போனா திரும்ப முளைக்காது, மச்சி.